ஓல்டு டிராஃபோர்டின் முதல் கோல், ரெண்டு தடை, ஒரு போர்க்களம்: யார் இந்த சாண்டி டர்ன்புல்?

உங்கள் ஆபீஸில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் யாராவது இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் விழுந்த முதல் கோல் யாருடையது? ரூனி, ரொனால்டோ என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மைதானம் கிழடு தட்டிவிட்டது. ஜார்ஜ் பெஸ்ட், பாபி சார்ல்டன் எல்லாம் அப்போது பிறக்கவே இல்லை.

பதில், சாண்டி டர்ன்புல். தேதி 1910 பிப்ரவரி 19. எதிரணி, வேறு யார், லிவர்பூல்தான். ஃப்ரீ கிக்கில் வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார் இந்த ஸ்காட்லாந்துக்காரர். (3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 4-3 என்று அந்த மேட்ச்சைக் கோட்டைவிட்டது யுனைடெட். புது மைதானத்துக்கு நல்ல சகுனம்!)

மான்செஸ்டரின் ரெண்டு பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். சிட்டிக்கு 60 கோல், யுனைடெட்டுக்கு 101 கோல். ரெண்டு லீக் பட்டங்கள், ரெண்டு எஃப்.ஏ. கோப்பைகள். கூடவே பணம் தொடர்பான ரெண்டு பெரிய தடைகள். முதல் தடை, அனுமதித்ததைவிட அதிக சம்பளம் வாங்கிய விவகாரத்தில். ரெண்டாவது, மேட்ச் ஃபிக்ஸிங்கில். அந்த ரெண்டாவது தடை நீக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த மனிதரின் கதையைப் புரிந்துகொள்ள அவருடைய கோல் கணக்கு மட்டும் போதாது. அவருடைய சேலரி ஸ்லிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலக்கரி ஊரிலிருந்து மான்செஸ்டருக்கு

அலெக்சாண்டர் டர்ன்புல், சுருக்கமாக சாண்டி. 1884 ஜூலை 30-ம் தேதி ஸ்காட்லாந்தின் ஆயர்ஷயர் பகுதியில் உள்ள ஹர்ல்ஃபோர்டில் பிறந்தார். கில்மார்னாக் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுரங்க ஊர் அது. அங்கே ஒரு பையன் வளர்ந்தால் சுரங்கத்தில் இறங்குவான், அதுதான் வழக்கம். டர்ன்புல்லும் இறங்கினார். ஓய்வு நேரத்தில் ஹர்ல்ஃபோர்டு திஸில் என்ற உள்ளூர் அணிக்கு ஆடினார்.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து என்பது இங்கிலாந்து கிளப்புகளுக்கு வீரர்களை அனுப்பும் ஊற்று மாதிரி. காசு வாங்கிக்கொண்டு ஆடுவதை இங்கிலாந்து 1885-லேயே சட்டப்பூர்வமாக்கிவிட்டது. ஸ்காட்லாந்து 1893 வரை இழுத்தடித்தது. போதாக்குறைக்கு, பந்தைச் சின்னச் சின்ன பாஸ்களாகக் கொண்டுபோகும் ஆட்டத்தில் ஸ்காட்டிஷ்காரர்கள் கில்லாடிகள். அதனால் கிளப்புகளின் ஏஜென்ட்டுகள் எல்லை தாண்டி ஆள் தேடிக்கொண்டே இருந்தார்கள். 1902-ல், சுமார் 18 வயதில், டர்ன்புல்லை மான்செஸ்டர் சிட்டி அள்ளிக்கொண்டு போனது.

ஆள் உயரம் குறைவு, ஆனால் கட்டையான உடம்பு. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு தலையால் அடிக்கும் கோல்களுக்குப் பேர் வாங்கினார் என்பதுதான் வேடிக்கை. கோபமும் சீக்கிரம் வரும், அது பின்னால் வேலையைக் காட்டும். 1903-ல் சிட்டி ரெண்டாம் டிவிஷன் சாம்பியன். 1904 ஏப்ரலில் போல்ட்டன் வாண்டரர்ஸை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை. 20 வயது ஆகும் முன்பே டர்ன்புல்லின் கையில் ஒரு கோப்பை மெடல்.

வாரம் 4 பவுண்டு: அந்த விதி என்ன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விதியைப் பார்த்துவிடுவோம். டர்ன்புல்லின் வாழ்க்கையில் நடந்த முக்கியமான திருப்பங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இது நிற்கிறது.

1901-ம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 208 பவுண்டு. நீங்கள் நாட்டிலேயே சிறந்த வீரராக இருக்கலாம், உங்களைப் பார்க்க 40 ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கலாம், சம்பளம் அதேதான். வெற்றிக்கு போனஸ் தருவதும் அப்போது தடைசெய்யப்பட்டிருந்தது. புதிதாகச் சேரும்போது கிளப் தரும் தொகை 10 பவுண்டைத் தாண்டக் கூடாது.

4 பவுண்டு மோசமான சம்பளமா என்று கேட்டால், இல்லை. நல்ல தொழில் தெரிந்த ஒரு தொழிலாளி அப்போது வாரம் 2 பவுண்டுக்குள்தான் பார்த்தார். சுரங்கத்தில் இருந்திருந்தால் டர்ன்புல்லுக்கு இதில் பாதி கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் சுரங்க வேலை 50 வயதுவரை ஓடும். கால்பந்து வேலை 30 தாண்டினால் ஆட்டம் காணும், முழங்கால் போனால் மறுநாளே காலி.

இன்னொரு பூட்டும் உண்டு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் வேறு கிளப்புக்குப் போய்விடலாம் என்று நினைப்போம். முடியாது. பழைய கிளப் உங்கள் பதிவை விட்டுக்கொடுத்தால்தான் வேறு எங்கும் ஆட முடியும். நோட்டீஸ் பீரியட் முடிந்த பிறகும் ரிலீவிங் லெட்டர் தராமல் கம்பெனி ஆயுசுக்கும் இழுத்தடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

இதில் உறுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. 1905-ல் ஆல்ஃப் காமன் என்ற வீரரை மிடில்ஸ்பரோ கிளப் 1,000 பவுண்டுக்கு வாங்கியது. நாலு இலக்கத்தைத் தொட்ட முதல் டிரான்ஸ்ஃபர் அது, நாடே வாய் பிளந்தது. விற்ற கிளப்புக்கு ஆயிரம். வீரருக்கான உச்சவரம்பு? அதே வாரம் 4 பவுண்டு.

விதியைக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. உச்சவரம்பு இல்லாவிட்டால் பெரிய நகரத்துப் பணக்கார கிளப்புகள் எல்லா நல்ல வீரர்களையும் வாங்கிவிடும், சின்ன ஊர் கிளப்புகள் மூடப்படும் என்றார்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை மொத்தமாக வீரர்கள் தலையில் கட்டினார்கள் என்பதுதான் கோளாறு. இப்படி ஒரு விதி இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று யூகிக்கப் பெரிய பொருளாதாரம் படிக்க வேண்டாம். மேஜைக்கு மேலே 4 பவுண்டு, மேஜைக்குக் கீழே கவர்.

வில்லா பார்க்கில் விழுந்த குத்து

1904-05 சீசனின் கடைசி நாள். சிட்டிக்கு லீக் பட்டம் வெல்ல இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. அதற்கு ஆஸ்டன் வில்லாவை அவர்கள் ஊரிலேயே வெல்ல வேண்டும். ஆட்டம் 3-2 என்று கைவிட்டுப் போனது, பட்டம் நியூகாசிலுக்கு.

மைதானத்தில் நடந்தது அதைவிடப் பெரிய செய்தியானது. வில்லாவின் கேப்டன் அலெக் லீக்குக்கும் டர்ன்புல்லுக்கும் கைகலப்பு. இதை விசாரிக்கப்போன எஃப்.ஏ.வுக்கு, அதாவது இங்கிலாந்து கால்பந்து சங்கத்துக்கு, வேறொரு பூதம் கிடைத்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்க சிட்டியின் நட்சத்திரம் பில்லி மெரடித் தனக்கு 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்று லீக் புகார் கொடுத்தார். மெரடித் மறுத்தார். ஆனாலும் நீண்ட தடை விழுந்தது. கைகலப்புக்காக டர்ன்புல்லுக்கும் தனியாகத் தடை.

வேல்ஸைச் சேர்ந்த மெரடித் அந்தக் காலத்தின் மிகப் பெரிய விங்கர். வாயில் பல் குச்சியை மென்றுகொண்டே ஆடுவார். தடைக் காலத்தில் கிளப் தனக்குப் பணம் தர வேண்டும் என்று அவர் நெருக்கினார், சிட்டி கைவிரித்தது. அவ்வளவுதான், மெரடித் வாயைத் திறந்துவிட்டார். தனக்கு வாரம் 6 பவுண்டு வந்தது, மற்றவர்களுக்கும் விதியை மீறிப் பணம் போனது என்று எல்லாம் வெளியே வந்தது. எஃப்.ஏ. கணக்குப் புத்தகங்களைப் புரட்டியது.

1906-ல் வந்த தீர்ப்பு ஒரு கிளப்பையே காலி செய்தது. மேனேஜர் டாம் மாலிக்கும் தலைவருக்கும் காலவரையறை இல்லாத தடை. டர்ன்புல் உட்பட 17 வீரர்களுக்கு 1907 புத்தாண்டு வரை தடை, எல்லோருக்கும் சேர்த்து 900 பவுண்டு அபராதம். இதைத் தவிர இன்னொரு நிபந்தனை: இவர்களில் யாரும் இனி சிட்டிக்கு ஆடவே கூடாது.

இதே மாதிரி எல்லா கிளப்புகளின் கணக்கையும் தோண்டினால் தப்பிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது மாலியின் வாதம். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் அவ்வளவு தைரியம் இருக்கவில்லை.

ஹோட்டலில் ஓர் ஏலம்

ஒரு அணியின் மொத்த வீரர்களும் விற்பனைக்கு வந்தால் எப்படி இருக்கும்? 1906 கடைசியில் மான்செஸ்டரின் குயின்ஸ் ஹோட்டலில் அதுதான் நடந்தது. பல கிளப்புகளின் பிரதிநிதிகள் வந்து குவிந்தார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டவர் பக்கத்துத் தெரு எதிரி, யுனைடெட்டின் மேனேஜர் எர்னஸ்ட் மேங்னல். மெரடித்தை அவர் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார். டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பேனிஸ்டர் ஆகியோரையும் வளைத்தார். சிட்டியின் முதுகெலும்பு அப்படியே ஊருக்குள்ளேயே இடம் மாறியது.

தடை முடிந்த மறுநாள், 1907 ஜனவரி 1. ரசாயனத் தொழிற்சாலைப் புகை சூழ்ந்த பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்தில் யுனைடெட்டின் ஆட்டம். எதிரணி, அதே ஆஸ்டன் வில்லா. மெரடித் வலது ஓரத்திலிருந்து கிராஸ் கொடுக்கிறார், டர்ன்புல் கோல் அடிக்கிறார், 1-0. சினிமாவில் வைத்தால் ஓவர் என்று சொல்லுவோம்.

அடுத்த சீசன் யுனைடெட் தன் வரலாற்றின் முதல் லீக் பட்டத்தை வென்றது. டர்ன்புல் 30 லீக் ஆட்டங்களில் 25 கோல். நடுவில் 1907 டிசம்பரில் பழைய கிளப்பான சிட்டிக்கு எதிராக ரெண்டு கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் நடுவரால் வெளியேற்றப்பட்டார். மான்செஸ்டர் டெர்பியில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் என்ற 'பெருமை' இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது.

1909 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி பிரிஸ்டல் சிட்டி. முழங்கால் காயத்தோடு இருந்த டர்ன்புல்லை இறக்கலாமா வேண்டாமா என்று மேங்னல் தயங்கினார். இறக்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவர் கேப்டன் சார்லி ராபர்ட்ஸ். எப்படியாவது ஒரு கோல் அடித்துவிட்டால் போதும், பிறகு நொண்டினால்கூட நாம் சமாளித்துக்கொள்ளலாம் என்பது கேப்டனின் கணக்கு. 22-வது நிமிடத்தில் ஹேரால்டு ஹால்ஸ் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்ப, காத்திருந்த டர்ன்புல் உள்ளே தட்டினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். யுனைடெட்டின் முதல் எஃப்.ஏ. கோப்பை.

இவ்வளவு செய்தவர் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஒரு முறைகூட ஆடவில்லை என்பது அவரது கரியரின் விசித்திரமான ஓட்டை.

'ஒதுக்கப்பட்டோர் அணி'

கோப்பை வென்ற சில வாரங்களிலேயே அந்த அணிக்கு வேலை போகும் நிலை வந்தது.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1907 ஏப்ரலில் யுனைடெட்டின் ரிசர்வ் அணி ஆட்டம் ஒன்றில் டாமி பிளாக்ஸ்டாக் என்ற இளம் வீரர் பந்தைத் தலையால் முட்டிய பிறகு சுருண்டு விழுந்து இறந்துபோனார். அவரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்தான். இயற்கை மரணம் என்று விசாரணையில் முடிவானது. குடும்பத்துக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. கூட ஆடியவர்களுக்கு இது ஆறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் கூடி வீரர்களின் யூனியனைத் தொடங்கினார்கள். தலைமை தாங்கியவர் மெரடித். சம்பள உச்சவரம்பை எடுக்க வேண்டும், கிளப் மாறும் உரிமை வேண்டும், காயம்பட்டால் இழப்பீடு வேண்டும். கோரிக்கைகள் அவ்வளவுதான்.

யூனியன் என்ற பெயரில் வீரர்கள் கூடிப் பேசும்வரை எஃப்.ஏ. பொறுத்துக்கொண்டது. மற்ற தொழிற்சங்கங்களோடு கூட்டமைப்பில் சேரப் போகிறார்கள் என்றதும் வெலவெலத்துப் போனது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கால்பந்து வீரர்கள் ஸ்ட்ரைக் செய்தால்? 1909 கோடையில் உத்தரவு வந்தது: ஜூலை 1-க்குள் யூனியனிலிருந்து விலகிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பதிவு ரத்து. சம்பளமும் கிடையாது.

நாடு முழுக்கப் பெரும்பாலான வீரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். குடும்பம் இருக்கிறது, வாடகை இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. யுனைடெட் வீரர்கள் போடவில்லை. கோப்பை வென்ற அணி கிளப் மைதானத்துக்குள் போக முடியாமல் ஃபேலோஃபீல்டு என்ற இடத்தில் தாங்களாகவே பயிற்சி எடுத்தது. படம் பிடிக்க வந்த பத்திரிகை போட்டோகிராஃபர் முன்னால் ராபர்ட்ஸ் ஒரு பலகையை எழுதி வைத்தார்: 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி. 1909'. ஒதுக்கப்பட்டோர் அணி. எவர்ட்டனின் டிம் கோல்மேன் வெளியூரிலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்ததும் காற்று திசை மாறத் தொடங்கியது.

சீசன் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது எஃப்.ஏ. இறங்கி வந்து யூனியனை ஏற்றுக்கொண்டது. வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. சம்பள உச்சவரம்பு அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு நீண்ட காலம் ஆடியவர்களுக்கு மட்டும் படிப்படியாக 5 பவுண்டுவரை போகலாம் என்று தளர்த்தினார்கள்.

அதே சமயம் கிளப்பின் முதலாளி, மதுபான ஆலை அதிபர் ஜான் ஹென்றி டேவிஸ், ஓல்டு டிராஃபோர்டுக்காக 60,000 பவுண்டு செலவழித்துக்கொண்டிருந்தார். வாரம் 4 பவுண்டு வாங்கும் ஒரு வீரருக்கு அது 288 வருஷ சம்பளம். அந்த மைதானத்தில்தான் டர்ன்புல் முதல் கோல் அடித்தார். 1910-11 சீசனில் 18 லீக் கோல்கள், அணிக்கு ரெண்டாவது லீக் பட்டம்.

1915 புனித வெள்ளி: என்ன நடந்தது?

அந்த உச்சத்திலிருந்து இறக்கம் வேகமாக வந்தது. மேங்னல் 1912-ல் சிட்டிக்கே மேனேஜராகப் போய்விட்டார். அடுத்த ஆண்டு ராபர்ட்ஸ் ஓல்டமுக்கு விற்கப்பட்டார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. ஆனாலும் 1914-15 சீசனை நடத்தியே தீருவது என்று லீக் முடிவெடுத்தது. பிரான்ஸில் பையன்கள் சாகும்போது இங்கே பந்து உதைக்கிறார்களா என்று வசைமழை. மைதானங்கள் காலியாகின. இந்த சீசனோடு லீக் நின்றுவிடும், சம்பளமும் நின்றுவிடும் என்பது வீரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. டர்ன்புல்லுக்கு அப்போது 30 வயது, மனைவி, நாலு குழந்தைகள்.

யுனைடெட் ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும் ஆபத்தில் தத்தளித்தது. லிவர்பூல் நடுவரிசையில் பாதுகாப்பாக இருந்தது, ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த ரெண்டு அணிகளும் 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி அன்று ஓல்டு டிராஃபோர்டில் மோதின. முடிவு, யுனைடெட் 2, லிவர்பூல் 0. ரெண்டு கோல்களும் ஜார்ஜ் ஆண்டர்சன் அடித்தவை.

ஸ்கோர் சாதாரணம். ஆட்டம்தான் சாதாரணமாக இல்லை. யுனைடெட்டின் பேட்ரிக் ஓ'கானல் பெனால்டியை கோலுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் அடித்தார். 2-0 ஆன பிறகு ரெண்டு அணிகளுமே பந்தை வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் லிவர்பூலின் ஃப்ரெட் பேக்னம் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டது. கோல் நெருங்கியதற்குக் கைதட்டுவதற்குப் பதிலாக அவரது அணிக்காரர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். மெரடித்துக்கு பந்தே வரவில்லை. அரங்கில் இருந்தவர்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள்.

பந்தயம் கட்டியிருந்தவர்களுக்கு மட்டும் காரணம் புரிந்தது. யுனைடெட் 2-0 என்று ஜெயிக்கும் என்பதற்கு புக்கிகள் 7-க்கு 1 விலை வைத்திருந்தார்கள். அதாவது 10 பவுண்டு கட்டினால் 70 பவுண்டு லாபம். 4 பவுண்டு வாங்கும் வீரருக்கு 17 வாரத்துக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் பணம். அந்தக் குறிப்பிட்ட ஸ்கோர்மீது வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்ததைக் கவனித்த புக்கிகள் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். தகவல் சொன்னால் 50 பவுண்டு பரிசு என்று நோட்டீஸ்கூட அடிக்கப்பட்டது.

விசாரணை டிசம்பர்வரை நீண்டது. கணிசமான பணம் கைமாறியிருக்கிறது, சில வீரர்களுக்கு லாபம் கிடைத்திருக்கிறது என்று கண்டறியப்பட்டது. லிவர்பூலிலிருந்து ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்செல், டாம் ஃபேர்ஃபூல். யுனைடெட்டிலிருந்து டர்ன்புல், ஆர்தர் வாலி, ஈனாக் வெஸ்ட். ஏழு பேருக்கும் வாழ்நாள் தடை. ரெண்டு அணிகளையும் இணைத்த கயிறு ஷெல்டன், அவர் முன்பு யுனைடெட்டில் ஆடியவர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தடை விழுந்த மூன்று யுனைடெட் வீரர்களில் அன்று களத்தில் இறங்கியவர் வெஸ்ட் மட்டும்தான். டர்ன்புல் அந்த மேட்ச்சில் ஆடவே இல்லை. சதித்திட்டத்தில் பங்கு என்பதுதான் அவர்மீதான குற்றம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அதிகமாகச் சம்பளம் வாங்கியதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதில் ஏமாந்தவர்கள் யாரும் இல்லை, உழைப்புக்குச் சந்தை கொடுத்த விலையை வாங்கினார்கள். இதில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் ஏமாற்றப்பட்டார்கள், நேர்மையாக ஆடிய பேக்னம் போன்றவர்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள், வேறொரு கிளப் பாதிக்கப்பட்டது.

அந்த வேறொரு கிளப், செல்சி. சீசன் முடிவில் யுனைடெட்டுக்கு 30 புள்ளிகள், செல்சிக்கு 29. புனித வெள்ளியின் ரெண்டு புள்ளிகள் இல்லையென்றால் யுனைடெட்தான் செல்சிக்குக் கீழே இருந்திருக்கும். ஆனாலும் தவறு வீரர்களுடையது, கிளப்புகளுடையது அல்ல என்று சொல்லி புள்ளிகளில் யாரும் கை வைக்கவில்லை. போருக்குப் பிறகு முதல் டிவிஷனை 20 அணிகளிலிருந்து 22 அணிகளாக்கியபோது செல்சி தப்பித்தது, அது தனிக் கதை.

பந்தோடு போருக்குப் போன படை

1915 ஜூலையில் கால்பந்து அமைப்புகள் அறிவித்துவிட்டன: போர் முடியும்வரை வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டர்ன்புல் ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 23-வது பட்டாலியன். கால்பந்து வீரர்களையும் ரசிகர்களையும் வைத்து உருவாக்கப்பட்ட ரெண்டு பட்டாலியன்களில் அது ஒன்று. பிறகு கிழக்கு சர்ரே ரெஜிமென்ட்டின் 8-வது பட்டாலியனுக்கு மாற்றப்பட்டார்.

இந்த 8-வது பட்டாலியனுக்கும் கால்பந்துக்கும் ஏற்கெனவே ஒரு விநோதமான தொடர்பு உண்டு. 1916 ஜூலை 1-ம் தேதி, சோம் போரின் முதல் நாள். கேப்டன் நெவில் என்ற அதிகாரி தன் வீரர்களுக்குக் கால்பந்துகளைக் கொடுத்து, எதிரியின் அகழியை நோக்கி உதைத்துக்கொண்டே முன்னேறச் சொன்னார். பயத்தை மறக்கடிக்க அவர் கண்டுபிடித்த வழி அது. அன்றே நெவில் கொல்லப்பட்டார்.

அந்தப் படையில் டர்ன்புல் லான்ஸ் சார்ஜென்ட் நிலைக்கு உயர்ந்தார். நடுவரிடமும் சங்கத்திடமும் வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டிய ஆள், உத்தரவு போடும் இடத்துக்கு வந்தார்.

1917 மே 3. பிரான்ஸின் அராஸ் பகுதியில் ஷெரிஸி என்ற கிராமத்தை நோக்கி அதிகாலை இருட்டில் தாக்குதல் தொடங்கியது. கிழக்கு சர்ரே படை கிராமத்துக்குள் நுழைந்தது. ஜெர்மானியர்களின் எதிர்த்தாக்குதலில் அன்றே கிராமம் கைவிட்டுப் போனது. திரும்பி வராதவர்களில் டர்ன்புல்லும் ஒருவர். 32 வயது. அவரது உடல் அடையாளம் காணப்படவில்லை.

தடை என்ன ஆனது?

1919-ல், போர்ச் சேவையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தடையை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. ஷெல்டனும் மில்லரும் மறுபடி லிவர்பூலுக்கு ஆடப்போனார்கள். வாலியும் களத்துக்குத் திரும்பினார். டர்ன்புல்லின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது, இறந்து ரெண்டு வருஷம் கழித்து.

ஏழு பேரில் ஒருவருக்கு மட்டும் மன்னிப்பு கிடைக்கவில்லை. தான் குற்றமற்றவன் என்று சொல்லி எஃப்.ஏ. மீது அவதூறு வழக்குப் போட்டு 1917-ல் தோற்ற ஈனாக் வெஸ்ட். அவருடைய தடை 1945 வரை நீடித்தது. நீக்கும்போது அவருக்கு 59 வயது.

சம்பள உச்சவரம்பு வெஸ்ட்டின் தடையையும் தாண்டி உயிரோடு இருந்தது. மெரடித்தும் மற்றவர்களும் தொடங்கிய அதே யூனியன், ஜிம்மி ஹில் தலைமையில் ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுத்த பிறகு 1961 ஜனவரியில்தான் அது ஒழிந்தது. அப்போது உச்சவரம்பு வாரம் 20 பவுண்டு.

அராஸ் நகரில் கல்லறை கிடைக்காத சுமார் 35 ஆயிரம் வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர் இருக்கிறது. அதில் கிழக்கு சர்ரே ரெஜிமென்ட் பகுதியில் டர்ன்புல்லின் பெயரைப் பார்க்கலாம். கால்பந்து பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை.